ரீச்சர் வீட்டுக் கணினியில் பழுதில்லை

பிள்ளைகள், போன கிழமை நான் கடைப்பக்கம் வந்தபோது உங்களில் ஒருவர் புதுக் கணினி ஒன்றைப் பெட்டியால் எடுத்து மேசையில் வைத்திருந்தார். "அக்கா, மின்னஞ்சல் கேக்குது. ஆள் அவசரமாம். என்ர கணக்கையே போட்டு விடட்டே?" என்று என்னைக் கேட்டார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் புடைவைக் கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிற மனுசி வந்த இடத்தில் ஏன் இப்படிக் குதிக்கிறாள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். காரணத்தை அங்கே நின்று வாயால் சொல்ல என்னால் முடியவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். கணினியை எப்படிப் பூட்டுவது, எந்தத் திருகாணியை எங்கே போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்லப்போவது வேறு கதை.

முள்ளியவளையில் நான் வேலை செய்த கடையில் என் இடம் பின்பக்கம், திருத்த வேலை மேசை. புதுக் கணினி விற்பதும், வாங்குபவர் கையில் கொடுக்குமுன் அதை எழுப்பி ஆயத்தம் செய்வதும் முன்மேசைப் பெடியளின் வேலை. முதல்முறை எழும்பும்போது கணினி "நீ யார்?" என்று கேட்குமல்லவா? இணையத்தில் ஒரு கணக்கைத் திற, இல்லாவிட்டால் இருக்கிற கணக்கைக் கொடு என்று விடாப்பிடியாய் நிற்கும். எங்கள் ஆட்களில் பலருக்கு மின்னஞ்சலே இல்லை. இருந்தால் அதன் கடவுச்சொல் கனடாவில் இருக்கிற மருமகனிடம் இருக்கும். தொலைபேசிக்கு ஓர் இலக்கம் அனுப்புகிறேன் என்று கணினி சொல்லும், அந்தத் தொலைபேசி வயலில் நிற்கிற புருசனின் சேட்டுப் பையில் கிடக்கும்.

முன்மேசைக்கு இந்தக் கரைச்சல் பொறுக்கவில்லை. கடைக்கென்று ஒரு கணக்கு இருந்தது. அதையே விற்கிற கணினி எல்லாவற்றிலும் போட்டுக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஐந்து நிமிட வேலை, தேத்தண்ணி குடித்து முடிக்குமுன் ஆள் பெட்டியோடு வீட்டுக்குப் போய்விடலாம். இன்னொரு வழி இருந்தது. இணையத்தைக் கழற்றிவிட்டு, அந்தக் கணினிக்குள் மட்டுமே கிடக்கிற உள்ளூர்க் கணக்கு ஒன்றைத் திறப்பது. கணினி அதை லேசில் காட்டாது, கொஞ்சம் தேடவேண்டும். "அதெல்லாம் பழைய ஆக்களின்ர வேலை அக்கா" என்று என்னைப் பகிடி பண்ணுவார்கள்.

இதன் விளைவு முதலில் சிரிப்பாகத்தான் வந்தது. ஒருநாள் கோயில் ஐயர் தன் கணினியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார்.

"பிள்ளை, இதுக்குள்ள ஒரு ஆனை வந்து நிக்குது. ஆனை வந்தது நல்லதுதானே எண்டு பேசாமல் இருந்திட்டன். இப்ப தாராவும் வந்திட்டுது, நேற்று ஒரு பண்டியும் வந்து நிக்குது. பண்டியை வைச்சுக்கொண்டு நான் என்னெண்டு பூசைப் பத்திரிகை அடிக்கிறது?"

கடை முழுக்கச் சிரித்தது, நானும்தான் வயிறு நோகச் சிரித்தேன். திறந்து பார்த்ததும் காரணம் விளங்கிவிட்டது. ஒரே கணக்கில் திறந்த கணினிகள் எல்லாம் தங்கள் முகப்பில் இருப்பதை இணையத்தின் வழியாகத் தமக்குள் பகிர்ந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டில் சேமிக்கிற படம் மற்ற எல்லா வீட்டுத் திரையிலும் வந்து நிற்கும். ஆனையும் தாரா வாத்தும் பண்டியும் தண்ணீரூற்றில் முன்பள்ளி நடத்துகிற ரீச்சருடையவை, பிள்ளைகளுக்குக் காட்ட அவர் எடுத்து வைத்தவை. முதலாளியிடம் போய், "அண்ணை, இது கூடாத வேலை, எல்லாத்தையும் திருப்பிச் செய்து குடுக்க வேணும்" என்றேன். அவர் "பார்ப்பம், பார்ப்பம். ஆனைதானே வந்தது, புலியே வந்தது?" என்று சொல்லிவிட்டு மற்ற வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஐயரின் கணினியை மட்டும் நான் தனியே ஆக்கிக் கொடுத்தேன்.

ரீச்சரை இங்கே அறிமுகப்படுத்த வேண்டும். கணவர் எப்போதோ தவறிவிட்டார். ஒரே மகன், வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் லொறி ஓடுகிறவன். அந்தக் கணினியை அவன்தான் தாய்க்கு வாங்கிக் கொடுத்தான். எங்கள் முன்மேசையில் சாய்ந்து நின்று, "அம்மாவுக்குக் கரைச்சல் இல்லாமத் திறக்கிற மாதிரிச் செய்து தாங்கோ, அவா பயந்த ஆள்" என்று அவன் சொன்னது பின்னால் இருந்த எனக்கும் கேட்டது. கரைச்சல் இல்லாமல்தான் செய்து கொடுத்தார்கள்.

அது நடந்த அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. முன்பள்ளியும் இல்லை, கடையிலும் அரைக்கதவு. பின்மேசையில் ஒரு பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த என்னிடம் தொலைபேசியைத் தந்தார்கள். ரீச்சர்தான்.

"பிள்ளை, ஒருக்கா வந்திட்டுப் போறியளே? கணினி பழுதாப் போச்சு. ஒரு படம் தன்ரபாட்டில வந்து நிக்குது."

குரலில் ஒரு பதற்றமும் இல்லை. போன ஆனைக்குப் பதிலாக ஐயரின் பூசைப் பத்திரிகை வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். ஐயரின் கணினியைக் கடைக் கணக்கில் இருந்து பிரித்துவிட்டேன் என்பதே அந்த நேரம் நினைவில் வரவில்லை. ஸ்கூட்டியில் தண்ணீரூற்று போய்ச் சேரும்வரை எனக்குள் சிரித்துக்கொண்டே போனேன்.

விறாந்தையில் முன்பள்ளிப் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார். அதில் ஒன்றை எடுத்துக் கணினிக்கு முன்னால் போட்டு, முழங்கால் மடிய அதில் இருந்தார். எனக்குப் பெரிய கதிரையை இழுத்துவிட்டார்.

"பாருங்கோ."

பார்த்தேன்.

திரை நிறைய ஒரு கண்ணீர் அஞ்சலி. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் அவருடைய மகன், ஏதோ கலியாண வீட்டில் எடுத்த படம், பல் தெரியச் சிரிக்கிறான். கீழே அவனுடைய முழுப்பெயர். தோற்றம் என்ற இடத்தில் பிறந்த திகதி இருந்தது. மறைவு என்ற இடத்தில் ஒன்றும் இல்லை.

"வைரஸோ பிள்ளை?" என்று ரீச்சர் கேட்டார். "வைரஸ் வந்தா உள்ள கிடக்கிற படங்களை எடுத்து என்னென்னவோ எல்லாம் செய்யுமாம் எண்டு கதைக்கிறவை."

அந்த மாதிரிப் படத்தை எந்த வைரஸும் செய்யாது என்று எனக்குத் தெரியும். கணினி தன்பாட்டில் யாருக்கும் விளக்கேற்றி வைக்காது. அதை ஒரு மனிதன் இருந்து செய்திருக்கிறான், எங்கள் கணக்கில் திறந்த இன்னொரு கணினியில் இருந்து செய்திருக்கிறான். முல்லைத்தீவில் பதாகை அடிக்கிற சுதனும் முந்தின நாள்தான் எங்கள் கடையில் புதுக் கணினி வாங்கியிருந்தான்.

"தம்பிக்குப் போன் எடுத்துக் கதைச்சனீங்களோ?" என்று மகனைப் பற்றித்தான் கேட்டேன்.

"இல்லை. ஓடேக்க எடுத்தா அவனுக்குப் பிடிக்காது, பேசுவான்."

"உங்கட தம்பியாரிட்டச் சொன்னனீங்களோ?" ரீச்சரின் தம்பி அடுத்த ஒழுங்கையில்தான் இருந்தார்.

"அவன் விடிய வெள்ளன வவுனியாவுக்கு வெளிக்கிட்டுப் போட்டான். என்னத்துக்கெண்டு சொல்லேல்லை."

இதைச் சொல்லும்போது ரீச்சர் என்னைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் பிடித்துவிட்டது, பிள்ளைகள். மகனுக்கும் எடுக்காமல், சொந்தக்காரர் ஒருவரிடமும் கேட்காமல், ஏன் என்னைக் கூப்பிட்டார் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. அவர்களைக் கேட்டால் அவர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். நான் திருத்துகிற ஆள், என்னிடம் கேட்டால் பழுது என்று சொல்ல இடமிருக்கிறது.

கடைக்கு ஒருக்கால் எடுத்துக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன். சுதனுக்கு எடுத்து, ரீச்சரின் மகனுக்கு ஏதும் நடந்ததோ என்று கேட்டேன்.

"ஓம் அக்கா," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "கனகராயன்குளத்துக்குக் கிட்ட லொறி பிரண்டிட்டுது. பெடியன் அந்த இடத்திலயே முடிஞ்சுது. மாமன்காரன் வவுனியாவில பிரேதத்தோட நிக்கிறார், அங்க இருந்து எடுத்து இதை அடிக்கச் சொன்னவர். ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ, தாய்க்கு இன்னும் தெரியாது. பின்னேரம் ஆக்களோட வந்துதான் சொல்லுவினம்."

எங்கள் பக்கத்தில் அதுதானே முறை. வெளியில் ஒரு சாவு நடந்தால் தாய்க்கு எடுத்த எடுப்பில் சொல்லமாட்டோம். முதலில் கொஞ்சம் சுகமில்லை என்போம், பிறகு கடுமையாய் இருக்கிறது என்போம். அதற்குள் பந்தலுக்கு ஆள் சொல்லி, அஞ்சலி அடிக்கக் கொடுத்து, தாங்கிப் பிடிக்க நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, மதிப்பான ஒருவரை முன்னால் விட்டுத்தான் வீட்டுக்குள் போவோம். ஊருக்கே தெரிந்தபிறகுதான் பெற்றவளுக்குத் தெரியவரும். அவள் விழும்போது பிடிக்க ஆள் நிற்கவேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறோம்.

"சுதன், தாய் உன்ர படத்துக்கு முன்னால இருக்கிறா," என்றேன்.

"என்னக்கா சொல்லுறியள்?"

"நீ அங்க சேமிக்கிறது இஞ்ச அவாவின்ர வீட்டில வந்து நிக்குதடா! இணையத்தை நிப்பாட்டு! இப்பவே கழற்று!"

அந்தப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவன் அழுகிற குரலில் சொன்னான். "அக்கா, திகதி போட்டு இப்பத்தான் மற்றதையும் சேமிச்சனான்."

நான் உள்ளே ஓடினேன். ரீச்சர் அதே சின்னக் கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் திரையில் விரலை வைத்துக் காட்டினார்.

"பாத்தனீங்களே, மறைவு எண்ட இடத்தில ஒண்டும் போடேல்லை. திகதி இல்லாட்டி இது சரியான படம் இல்லைத்தானே? பழுதுதானே பிள்ளை? சொல்லுங்கோ, பழுதுதானே?"

ரவுட்டர் அலுமாரிக்கு மேல் பச்சை விளக்கோடு மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் வயரைப் பிடுங்கக் கையை நீட்டினேன். பிடுங்கியிருந்தால் அந்த இரண்டாவது படம் வந்திருக்காது. ஓம் ரீச்சர், பழுதுதான், கடைக்குக் கொண்டுபோய்த் திருத்தித் தாறன் என்று மூடிக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். பின்னேரம்வரை அந்த மனுசிக்கு மகன் இருந்திருப்பான். நான் அதைச் செய்யத்தான் கையை நீட்டினேன்.

ரீச்சர் என் மணிக்கட்டை எட்டிப் பிடித்தார். அப்படி ஒரு பிடி.

"நிப்பாட்டாதையுங்கோ. வாறது வரட்டும்."

நாங்கள் இருவரும் திரையைப் பார்த்தோம். அவர் மற்றக் கையால் பெரிய படத்தைச் சுருக்கினார். முகப்பில் ஆனை, தாரா, மாடு, மயில் எல்லாம் வரிசையாய் நின்றன. மயிலுக்குப் பக்கத்தில் வெறும் இடம். அந்த இடத்தில் புதிதாய் ஒன்று வந்து குந்தியது. ரீச்சர் என் கையை விடாமலே அதைத் திறந்தார். அதே விளக்கு, அதே சிரிப்பு. மறைவு என்ற இடத்தில் அன்றைய திகதி.

எத்தனையோ பேருடைய கணினிக்குள் எரிந்துபோனதும் அழிந்துபோனதும் பார்த்தவள் நான். ஒரு தாய்க்கு முன்னால், அவளுடைய ஆனைக்கும் மயிலுக்கும் பக்கத்தில், ஒரு சாவு தன்பாட்டில் வந்து இருந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது. அவர் பார்த்தே இருக்கக் கூடாது.

"பழுதோ?" என்றார் மறுபடியும். இந்த முறை குரல் இல்லை, வாய் மட்டும் அசைந்தது.

எங்கள் தொழிலில் மிக லேசான பொய் பழுது என்பதுதான். அதைச் சொன்னால் யாரும் மேலே கேள்வி கேட்கமாட்டார்கள். சொல்லாதே என்று சுதன் சொல்லியிருந்தான், சொல்லக்கூடாது என்பதுதான் ஊர்முறையும். தாங்கிப் பிடிக்க அந்த வீட்டில் என்னைவிட ஒருவரும் இல்லை. ஆனால் அவர் கேட்டது என்னைத்தான், அதுவும் என் வேலையைப் பற்றி.

"மிசினில பழுது இல்லை, ரீச்சர்," என்றேன்.

அவர் தலையாட்டினார்.

"அப்ப என்ர தம்பிக்குத் தெரியும்."

"ஓம்."

"அடிச்ச பெடியனுக்கும் தெரியும்."

"ஓம் ரீச்சர்."

"எனக்குத்தான் கடைசி."

அதற்குப் பிறகு அவர் குழறிய குழறலை நான் எழுதமாட்டேன். அந்தச் சின்னக் கதிரை சரிந்து அவரோடு விழுந்தது. நான் நிலத்தில் இருந்து அவரை மடியில் போட்டுக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்கும் தெரிந்திருந்தது, பின்னேரத்துக்காகப் பொறுத்திருந்திருக்கிறார்கள். யார் சொன்னது, யார் சொன்னது என்று என்னைத்தான் முறைத்துப் பார்த்தார்கள். நான் திரையைக் காட்டினேன். ஒரு அக்கா நெஞ்சில் கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

பின்னேரம் ரீச்சரின் தம்பி ஆட்களோடு வந்தார். வாசலிலேயே அழுகைச் சத்தத்தைக் கேட்டுத் திகைத்துப்போய் நின்றார். நடந்ததை நான் சொன்னபோது அவருக்கு முதலில் விளங்கவேயில்லை. பிறகு வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, "வவுனியாவில இருந்து வழிமுழுக்க யோசிச்சுக்கொண்டு வந்தனான் பிள்ளை, அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறதெண்டு. முதல் சொல்லு என்ன சொல்லுறதெண்டு," என்றார். அந்த மனுசன் யோசித்து வைத்திருந்த சொல் என்னவென்று யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

அதே படம் அதே நேரம் எங்கள் கடையின் கணக்கில் திறந்த அத்தனை வீட்டுத் திரையிலும் நின்றிருக்கிறது. அடுத்த நாள் தொலைபேசி ஓயவில்லை. முதலாளிக்கு முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் என்னைத் தனியே கூப்பிட்டு, "ஆரும் கேட்டா வைரஸ் எண்டு சொல்லிவிடுங்கோ" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"வைரஸோ? வாய் கூசேல்லையோ உங்களுக்கு? பெத்தவளுக்கே நான் பழுதெண்டு சொல்லேல்லை. ஊருக்குச் சொல்லுவனோ?"

அவர் கதிரையில் இருந்துவிட்டார். நான் வாடிக்கையாளர் விலாசங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கடைக் கணக்கைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் அந்த வீட்டுக்கு மட்டுமான உள்ளூர்க் கணக்கைத் திறந்து கொடுத்தேன். முன்மேசைப் பெடியளும் கூடவே வந்து செய்தார்கள். சுதன் தன் கணினியை நான் தொட்டு முடிக்கும்வரை தன் கடைக்கு வெளியிலேயே நின்றான். ரீச்சர் வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. போவதற்குத் துணிவு வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தபிறகு அவரே தொலைபேசி எடுத்தார். "வந்து அதைச் சரியாக்கித் தாங்கோ. முன்பள்ளி தொடங்க வேணும்."

போனேன். கணினியை ஒரு வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார். அந்த நாளுக்குப்பிறகு யாரையும் அதைத் தொடவிடவில்லையாம். தம்பியார் வேறு ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தபோதும் வேண்டாம் என்று அனுப்பிவிட்டாராம்.

"நீங்கள் அண்டைக்குப் பழுதெண்டு சொல்லியிருந்தா, உங்களையும் விட்டிருக்க மாட்டன்," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. குனிந்து வயரைத் தேடுவதுபோல் இருந்தேன். மிருகங்களின் படங்களைத் தனியே எடுத்து வைத்தேன். மற்ற இரண்டையும் என்ன செய்வது என்று கேட்டேன். "அழியுங்கோ" என்றார். அழித்தேன். ரவுட்டரின் வயரைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, கணினியைப் புதிதுபோல் முதலில் இருந்து எழுப்பினேன். இணையம் இல்லை என்று அது முறையிட்டது, பரவாயில்லை என்றேன். கடைசியில் கேட்டது: இந்தக் கணினியை யார் பாவிக்கப்போகிறார்கள்?

பிள்ளைகள், நான் கேட்காமலே விரலை வைத்துவிட்டேன். மகனுடைய பெயரின் முதல் எழுத்தும் விழுந்துவிட்டது. தாய்க்கு அது ஆறுதலாய் இருக்கும், திறக்கும்போதெல்லாம் மகனின் பெயர் நிற்கும் என்று எனக்கு நானே முடிவெடுத்துவிட்டேன்.

ரீச்சர் என் கையைத் தள்ளினார்.

"அவன்ர பேரைப் போடாதையுங்கோ. அவன் இதைத் திறக்கப் போறேல்லை," என்றார். "நான்தான் திறக்கப்போறன். என்னட்டக் கேளுங்கோவன்."

கேட்டேன். அவர் தன் பெயரைச் சொன்னார். அந்த ஊரில் அவரை எல்லாரும் ரீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது.